ரோஸ் விரல் ரகசியம்

"ஐயோஓஓஓ...!"

அலறல் எலிக்கூடத்திலிருந்து வந்தது.

அலறியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆறடி உயரம். முறுக்கிவிட்ட மீசை. ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பராமரிப்பவர். எல்லோரும் அவரை 'மீசை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்போது அந்த மீசையே வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது!

கூண்டு அடுக்குகளுக்கு நடுவே டைரக்டர் குப்புறக் கிடந்தார். சட்டையெல்லாம் வியர்வை. பக்கத்தில் உடைந்த காபிக் கோப்பை.

"சார்...! டைரக்டர் சார்...!"

பிடித்து உலுக்கிப் பார்த்தார்.

கூண்டுக்குள் இருந்த எலிகள் கம்பியில் மூக்கை வைத்து வேடிக்கை பார்த்தன. நடந்ததை ஒன்றுவிடாமல் பார்த்த சாட்சிகள் அவை மட்டும்தான். என்ன பிரயோஜனம்? எலியைக் கூண்டில் அடைக்கலாம். சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியுமா?

*

இன்ஸ்பெக்டர் காலைச் சாப்பாட்டின் முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனார்.

போன் அடித்தது!

"சர்க்கரை நோய் ஆராய்ச்சிக் கூடம் தெரியுமாய்யா?" என்றார் மேலதிகாரி, எடுத்த எடுப்பில்.

"தெரியும் சார். எங்க அக்கா அங்கதான் விஞ்ஞானியா இருக்காங்க."

"அங்க டைரக்டர் ஆஸ்பத்திரில உயிருக்குப் போராடிட்டிருக்கார். யாரோ இன்சுலினை ஏத்தியிருக்காங்க. கொலை முயற்சி!"

"ஐயையோ... யார் மேல சார் சந்தேகம்?"

"உங்க அக்கா மேல."

கவளம் தட்டிலேயே விழுந்தது.

"சார்... எங்க அக்காவா...?"

"உன் கையில இந்தக் கேஸைக் குடுக்கறதே தப்புய்யா. மத்தவங்க எல்லாம் பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க, வேற வழியில்ல. சாயங்காலம் வேற இன்ஸ்பெக்டர் வந்துடுவார். அவர் வந்த நிமிஷமே உங்க அக்கா கையில விலங்குதான். அதுக்குள்ள நிஜக் குற்றவாளியைப் பிடிச்சியோ, பிழைச்சே!"

போன் வைக்கப்பட்டது.

இன்ஸ்பெக்டர் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு ரகசியம் சொல்லியாக வேண்டும். கத்தியோடு நின்ற ரவுடியை வெறுங்கையால் மடக்கியவர் இந்த இன்ஸ்பெக்டர். ஆனால் எலி என்றால் மட்டும் நாற்காலி மேல் ஏறிவிடுவார்! காரணமும் அக்காதான். பள்ளிக்கூட நாளில் இவருடைய பையில் ஒரு சுண்டெலியைப் போட்டு அனுப்பிய புண்ணியவதி அவள்.

*

அக்கா வாசலிலேயே நின்றாள். வெள்ளைக் கோட்டு. கலைந்த தலை. அழுது சிவந்த கண்கள். வாய் மட்டும் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

"வாடா. விலங்கு கொண்டு வந்தியா?"

"அக்கா, வந்ததும் வராததுமா வயித்தைக் கலக்காதே. ஒரே கேள்வி. நீ செஞ்சியா, இல்லையா?"

"நான் செஞ்சிருந்தா இப்படி அரைகுறையாவா செஞ்சிருப்பேன்?"

"இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதே, தாயே!"

எலிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். இன்ஸ்பெக்டர் நிலைப்படியோடு நின்றுகொண்டார்.

"உள்ள வாயேன்டா."

"நான் இங்கேர்ந்தே விசாரிக்கறேன். என்ன நடந்துச்சு, சொல்லு."

"காலையில நான் வந்தப்போ அவர் எனக்கு முன்னாடியே வந்திருந்தார். காபி போட்டுக் குடுத்தேன். சர்க்கரை போடாத காபி, அவங்க வீட்டம்மா உத்தரவு. கோப்பையை எடுத்துக்கிட்டு இங்க வந்தார். எலிக்கூடத்துக்குள்ள காபி கொண்டு வரக் கூடாது. ஆனா டைரக்டரை யார் கேக்கறது? நான் எடை போடற ரூமுக்குப் போயிட்டேன். அப்புறம் மீசை அலறின சத்தம்தான் கேட்டுச்சு."

"காபியைச் சோதிச்சு பார்த்தாச்சு, அதுல ஒண்ணும் இல்லை. ஆனா வயித்துல புதுசா ஊசி குத்தின அடையாளம் இருக்குன்னு டாக்டர் சொல்றார். ரத்தத்துல சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிடுச்சாம். இன்சுலின் எங்க இருக்கும்?"

"மருந்து அலமாரியில. எலிகளுக்குப் போட்டுப் பார்க்கறதுக்கு வச்சிருக்கோம்."

"சாவி?"

"ரெண்டு சாவி இருக்கு. ஒண்ணு டைரக்டர்கிட்ட. அது அவர் பாக்கெட்லயே இருந்துச்சு."

"இன்னொண்ணு?"

அக்கா கழுத்திலிருந்த கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். சாவி ஆடியது.

இன்ஸ்பெக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏன்க்கா... ஏன்? அந்தச் சாவியைத் தொலைச்சிருக்கக் கூடாதா நீ?"

"என் உசுரே இந்த ஆராய்ச்சிடா. இதோ பார்..." இரண்டு வரிசைக் கூண்டுகளைக் காட்டினாள். "சர்க்கரை நோய் உடம்புல எப்படி ஆரம்பிக்குது, எப்படி வளருதுன்னு படிப்படியா பார்க்கணும். மனுஷனைப் பிடிச்சு அடைச்சு, மாசக்கணக்கா கொழுப்பை ஊட்டிப் பார்க்க முடியுமா?"

"முடியாது. கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவேன்."

"அதுக்குத்தான் எலி. நமக்குப் பதிலா ஒரு மாதிரி. இந்த வரிசைக்குக் கொழுப்பும் சர்க்கரையும் கலந்த தீனி. அந்த வரிசைக்குச் சாதாரணத் தீனி. ஒண்ணு இன்னொண்ணோட கலந்துடக் கூடாதுன்னு கொழுப்புத் தீனிக்குச் சாயம் போட்டிருப்போம். இந்த வரிசை குண்டாகணும், மந்தமாகணும், சர்க்கரை ஏறணும். வாராவாரம் வால் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பேன்."

"பார்த்தா?"

"ஒரு மண்ணும் ஏறலை! ரெண்டு வரிசையும் கல்யாண மாப்பிள்ளை கணக்கா மினுமினுன்னு இருக்கு."

"எலிக்கு நோய் வரலையேன்னு அழற ஒரே ஆள் இந்த உலகத்துலயே நீதான்க்கா."

"சிரிக்காதேடா. நேத்து டைரக்டர்கிட்ட கெஞ்சினேன். இந்த ஆராய்ச்சி தோத்துப்போச்சு, முடிச்சிட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுங்க, வேற ஒண்ணு ஆரம்பிக்கறேன்னு. முடியாது, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்னுட்டார். எப்பக் கேட்டாலும் இதே பதில்தான். நேத்து நான் கொஞ்சம் கத்திட்டேன்."

"கொஞ்சம்னா?"

"தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்."

*

துணை டைரக்டரைத் தேடிப் போனார் இன்ஸ்பெக்டர்.

ஆள் டைரக்டர் அறையில், டைரக்டர் நாற்காலியில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்! கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மேஜை மேலிருந்த டைரக்டரின் படத்தைக் குப்புறக் கவிழ்த்தும் ஆகிவிட்டது.

"நாற்காலி வசதியா இருக்கா சார்?"

துணை டைரக்டர் துள்ளி எழுந்தார்.

"சும்மா... முதுகு வலி... சாய்ஞ்சு பார்த்தேன்."

"டைரக்டர் கண்ணை மூடிட்டா இது யாருக்கு?"

"என்ன இன்ஸ்பெக்டர் இப்படிப் பேசறீங்க? அக்காவைக் காப்பாத்த என்னை மாட்டிவிடறீங்களா? நேத்து அவங்க போட்ட சத்தம் ஊருக்கே கேட்டுச்சு! கையெழுத்து கிடைக்கலைங்கற ஆத்திரம். சாவியும் அவங்க கையில. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"நீங்க காலையில எப்ப வந்தீங்க?"

"மீசை கத்தின பிறகுதான் வந்தேன். வாட்ச்மேனைக் கேளுங்க." உதட்டைச் சுழித்தார். "முதல்ல உங்க அக்கா ரூமைச் சோதனை போடுங்க. கடமைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

பேச்சு சுருக்கென்று தைத்தது. இன்ஸ்பெக்டர் நேராக அக்காவின் அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

மேஜை... ஒன்றும் இல்லை. அலமாரி... புத்தகங்கள். மூலையில் கைக்கு அடக்கமாக ஒரு குட்டி ஃப்ரிட்ஜ்.

திறந்தார்.

உள்ளே பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்று. மூடியைத் தூக்கினதும் மணம் ஆளைத் தூக்கியது! சதுரம் சதுரமாக, மெத்துமெத்தென்று, இளம் ரோஸ் நிறத்தில் ஏதோ பலகாரம்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிறு 'கர்ர்ர்' என்றது.

'அடி கள்ளி...! சின்ன வயசுலயே தின்பண்டத்தை ஒளிச்சு வச்சுத் தனியா தின்னுவா. இன்னும் அந்தப் புத்தி போகலை பாரு!'

ஒரு துண்டை வாயில் போட்டார்.

ஆஹா...! வெண்ணெயாகக் கரைந்தது.

அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ணவில்லை. டப்பா பாதியானதும்தான் மனசாட்சி விழித்தது. மூடியைப் போட்டு, வாயைத் துடைத்து, ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி வெளியே வந்தார்.

மீசை காத்திருந்தார்.

"சார், அந்தம்மா மேல பழி போடாதீங்க சார். எலி வாலைக் குத்தறதுக்கு முன்னாடியே மன்னிப்பு கேக்கற அம்மா அது!"

"டைரக்டரை யாருக்காவது பிடிக்காதா?"

"அவரையா? தங்கமான மனுஷன் சார்! எலித் தீனியை யாரையும் தொட விடமாட்டார். எனக்கு முன்னாடியே வந்து தன் கையாலயே வைப்பார். அதுவும் கதவைச் சாத்திக்கிட்டு."

"கதவை எதுக்குச் சாத்தணும்?"

"ஆள் பார்த்தா எலிக்குக் கூச்சமா இருக்குமாம் சார். சாப்பிடாதாம்."

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கினார். பள்ளிக்கூடப் பையில் இருந்த எலிக்கு அப்படி எந்தக் கூச்சமும் இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

"உடம்பு எப்படி அவருக்கு?"

"கொஞ்ச நாளா ஒரு மாதிரிதான் சார். எந்நேரமும் கையில தண்ணி பாட்டில். குடிக்கறதும் பாத்ரூமுக்கு ஓடறதுமாவே இருப்பார். உக்காந்தா தூங்கிடுவார்."

அப்போது வராந்தாவில் புயல் ஒன்று நுழைந்தது!

டைரக்டரின் மனைவி.

"எங்கே அவ...? எங்கே அந்த எலிக்காரி...?"

அக்கா ஓடி வந்தாள். "மேடம், இப்ப எப்படி இருக்கார்?"

"பேசாதே! கண்ணே திறக்கலை. உள்ள விடமாட்டேங்கறாங்க. ரொம்ப நேரம் மயங்கிக் கிடந்துட்டாராம், குளுக்கோஸ் ஏத்தியும் முழிக்கலை..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவரைக் கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்கிட்டேன்டீ! எண்ணெய் இல்ல, இனிப்பு இல்ல. மூணு வேளையும் உப்பில்லாத வேகவச்ச காய்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை அந்த மனுஷன்!"

"அப்போ நல்லா இளைச்சிருப்பாரே மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதான் புரியலை! ஊதிக்கிட்டே போறார். போன மாசம் எடுத்த பேன்ட் இந்த மாசம் ஏறலை. கேட்டா, 'எனக்குக் காத்தைக் குடிச்சாலே உடம்பு வைக்குது'ங்கறார்."

*

மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அக்கா தம்பியை ஓரமாக இழுத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்தே கண்டுபிடிச்சேன். யாரோ என் எலித் தீனியை மாத்தியிருக்காங்கடா!"

"என்னது?"

"சண்டை போட்ட ஆத்திரத்துல கூண்டுலேர்ந்து ஒரு துண்டை எடுத்தேன். ஒரு காகிதத்துல வச்சு அமுக்கினேன். கொழுப்புத் தீனின்னா காகிதம் எண்ணெய்ப் பிசுக்காகணும். ஆகலை! சாதாரணத் தீனியைப் பொடி பண்ணி, சாயம் கலந்து, அதே மாதிரி பிடிச்சு வச்சிருக்கான் எவனோ. மாசக்கணக்கா என் எலிங்க சாயம் பூசின சாதாரணத் தீனியைத்தான் தின்னிருக்கு. அப்புறம் நோய் எங்கேர்ந்து வரும்?"

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"சொன்னா, அதுக்காகத்தான் டைரக்டரைத் தீர்த்துட்டேன்னு அதையும் என் தலையில கட்டுவாங்க. நிஜத் தீனி ஒரு டப்பாவுல தீனி ரூம்ல இருந்துச்சு. இனிமே எவனும் தொடக் கூடாதுன்னு நேத்தே எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். யாருக்கும் சொல்லலை."

இன்ஸ்பெக்டர் மூளையில் மணி அடித்தது. தவறான மணிதான். ஆனால் பலமாக அடித்தது.

"துணை டைரக்டர்! உன் பேரைக் கெடுக்கத் தீனியை மாத்தினான். டைரக்டருக்குத் தெரிஞ்சுபோச்சு. உடனே ஊசியைக் குத்திட்டான்!"

"டேய், இருடா... அவர் அப்புறம்தான் வந்தார்னு வாட்ச்மேன்..."

இருக்கவில்லை. பாய்ந்து போனார். துணை டைரக்டரின் வெள்ளைக் காலரை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தார்.

"மாட்டினியாடா மகனே!"

"ஐயோ... எ... என்னை ஏன் சார்...?"

போன் அலறியது! ஒரு கையால் காலர், ஒரு கையால் போன்.

"இன்ஸ்பெக்டர், ஆஸ்பத்திரி டாக்டர் பேசறேன். ஒரு விஷயம் கவனிச்சோம். டைரக்டரோட விரல் நுனியெல்லாம் ரோஸ் நிறமா இருக்கு. கழுவினாலும் போகலை. இன்சுலினோட வேற ஏதாவது விஷமும் சேர்ந்திருக்கலாம்னு பயமா இருக்கு. அங்க வேற யாருக்காவது விரல் ரோஸா இருந்தா உடனே அனுப்புங்க. தாமதிச்சா ஆபத்து!"

"ரோஸ் நிறமா...?"

இன்ஸ்பெக்டர் காலரிலிருந்து கையை எடுத்தார்.

கஞ்சி போட்ட வெள்ளைக் காலரில்... ஐந்து ரோஸ் நிறத் தடங்கள்!

தன் கையைப் பார்த்தார்.

விரல் நுனியெல்லாம் ரோஸ்! ரோஸ்! ரோஸ்!

"ஐயோஓஓஓ...!"

காலையில் மீசை போட்டதைவிட இது பெரிய அலறல்.

"அக்காஆஆ...! எனக்கும் விஷம் வச்சுட்டாங்கக்கா...! நாக்கு வறளுது... கண்ணு இருட்டுது... அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு..."

அக்கா பதறி ஓடி வந்தாள். அவர் கையைப் பிடித்தாள். மோந்து பார்த்தாள். அவள் முகத்திலிருந்த பதற்றம் மெல்ல மாறியது.

"டேய்... வாயைத் திற."

திறந்தார். நாக்கும் ரோஸ்.

"என் ரூம் ஃப்ரிட்ஜைத் திறந்தியா?"

"சோ... சோதனை போட்டேன்..."

"டப்பாவுல இருந்ததைத் தின்னியா?"

"பசிச்சுதுக்கா..."

"அட மடச்சாம்பிராணி! அது விஷம் இல்லடா... எலித் தீனி!"

முதலில் சிரித்தது துணை டைரக்டர்தான். அவர் காலர் அப்போதும் கசங்கித்தான் இருந்தது.

"தடயத்தைத் தேடப் போன போலீஸ் தடயத்தையே தின்னுடுச்சு!"

இன்ஸ்பெக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். எலி... எலியின் சாப்பாடு... குமட்டலாக வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே... குமட்டலோடு கூடவே நாக்கு இன்னொரு துண்டு கேட்டது!

அந்த நொடியில்தான் அவருக்குப் பளிச்சென்று விளங்கியது.

"அக்கா... அது ரொம்ப ருசியா இருந்துச்சுக்கா."

"வெட்கமா இல்லையாடா சொல்றதுக்கு?"

"இல்லக்கா, கேளு. ஒரு துண்டு தின்னதும் என்னால நிறுத்த முடியலை. காலையில ஒரு வேளை பட்டினி கிடந்த எனக்கே இப்படின்னா... மாசக்கணக்கா உப்பில்லாத காயைத் தின்ன மனுஷனுக்கு...?"

எல்லோரும் டைரக்டரின் மனைவியைப் பார்த்தார்கள்.

"எ... என்ன உளர்றீங்க?" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் போனைக் காதில் வைத்தார். டாக்டர் இன்னும் லைனில்தான் இருந்தார், பாவம்.

"டாக்டர், வயித்துல ஊசிக் குத்து ஒண்ணுதானா? நல்லா பாருங்க."

"புதுசு ஒண்ணுதான்... இருங்க, லென்ஸ் வச்சுப் பார்க்கறேன்... அடடே! வயிறு பூரா பழைய குத்து! நிறைய!"

அக்கா போனைப் பிடுங்கினாள்.

"டாக்டர், சில மாசமா சர்க்கரை எப்படி இருந்ததுன்னு காட்டற ரத்தப் பரிசோதனை இருக்கில்ல? அதைப் பண்ணுங்க. உடனே!"

அக்கா வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். போன் மறுபடி அடித்தது.

"ஆச்சரியமா இருக்கு! மாசக்கணக்கா இவருக்குச் சர்க்கரை உச்சத்துல இருந்திருக்கு. வீட்ல யாருக்கும் தெரியாதா?"

"எப்படித் தெரியும்?" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து நின்றார். தொப்பியைச் சரி செய்தார். விரல் பட்டுத் தொப்பியும் ரோஸானது. "கதவைச் சாத்திக்கிட்டு எலிங்களோட பங்கைத் தின்னது டைரக்டர். தீனி குறையறது தெரியாம இருக்கச் சாயம் கலந்து போலித் தீனி செஞ்சு வச்சதும் அவர். ஆராய்ச்சி முடிஞ்சா டப்பா வராது, அதனால கையெழுத்து போடலை. நோய் எலிக்கு வரலை, தின்ன ஆளுக்கு வந்துடுச்சு! சர்க்கரை நோய் ஆராய்ச்சிக் கூடத்து டைரக்டருக்கே சர்க்கரைன்னு வெளியே சொல்ல வெட்கம். வீட்ல சொல்ல பயம். தன் சாவியால அலமாரியைத் திறந்து, தானே ஊசி போட்டுக்கிட்டார். குத்தின ஊசியை எலி ஊசிகளோட குப்பையில போட்டுட்டா யாருக்குத் தெரியும்?"

"தினமும் போட்டுக்கிட்டவர் இன்னிக்கு மட்டும் ஏன் விழுந்தார்?" துணை டைரக்டர் கேட்டார்.

இதற்குப் பதில் சொன்னது அக்கா.

"ஊசி போட்டா பின்னாடியே சாப்பிடணும். அந்த டப்பாவை நம்பித்தான் ஊசி போட்டுக்கிட்டார். டப்பா இல்லை... நான்தான் ஒளிச்சுட்டேனே. மருந்து மட்டும் வேலை செஞ்சுது. நான் குடுத்த காபியில ஒரு ஸ்பூன் சர்க்கரை இருந்திருந்தாக்கூட..." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "ஐயோ, தெரியாமலே நான்தான்டா அவரைப் படுக்க வச்சிருக்கேன்."

"நீ தீனியைத்தான் ஒளிச்சே. அவர் நோயையே ஒளிச்சார்க்கா." இன்ஸ்பெக்டர் அவள் தோளைத் தட்டினார். வெள்ளைக் கோட்டில் ரோஸ் கை விழுந்தது. "அழாதே. உனக்கு யாரும் விலங்கு போட முடியாது."

"போடா. அவர் பிழைச்சு வந்து சொன்னாதானே இதையெல்லாம் நம்புவாங்க?"

அதுவும் உண்மைதான்.

*

ஆஸ்பத்திரி.

வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. புது இன்ஸ்பெக்டர் இறங்கினார். கையில் விலங்கு பளபளத்தது!

"சார், அக்காவா இருந்தாலும் சட்டம் சட்டம்தான். தள்ளுங்க."

"ஒரு நிமிஷம் சார்... கதையைக் கேளுங்க..."

"எலித் தீனிக் கதையா? போன்ல மேலதிகாரி சொன்னார். சிரிச்சு சிரிச்சு அவருக்குப் புரையேறிடுச்சு. தடயம் இருக்கா?"

"இருந்துச்சு சார்."

"எங்க?"

"பாதி என் வயித்துல."

புது இன்ஸ்பெக்டர் விலங்கைத் திறந்தார். அக்கா கையை நீட்டினாள். தம்பியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது உள்ளேயிருந்து நர்ஸ் ஓடி வந்தாள்.

"கண்ணைத் திறந்துட்டார்! பேசறார்!"

எல்லோரும் முண்டியடித்து உள்ளே போனார்கள். டைரக்டர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். உலர்ந்த உதடுகள் அசைந்தன.

"யார் சார் உங்களுக்கு ஊசி போட்டது? சொல்லுங்க!" புது இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

டைரக்டரின் கண்கள் அவரைத் தாண்டின. மனைவியைத் தாண்டின. அக்காவிடம் வந்து நின்றன.

"ஏம்மா..." ஈனக் குரலில் கேட்டார். "அந்த ரோஸ் தீனி டப்பாவை எங்கம்மா வச்சே...?"

விலங்கு மூடிக்கொண்டது. புது இன்ஸ்பெக்டரின் சட்டைப் பைக்குள்!

மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியே போறீங்களா? நான் இவர்கிட்ட தனியா பேசணும்."

"இன்ஸ்பெக்டர்...!" டைரக்டர் கதறினார். "என்னை அரெஸ்ட் பண்ணுங்க! தீனியைத் திருடினேன்! ஒத்துக்கறேன்! தயவுசெஞ்சு உடனே உள்ள வைங்க...!"

கதவு சாத்தப்பட்டது. கதவைச் சாத்திக்கொள்வதுதான் அவருக்குப் பழக்கமாயிற்றே!

*

வெளியே வந்ததும் அக்கா தன் பையைத் திறந்தாள். முகம் பழையபடி மலர்ந்திருந்தது.

"ஆராய்ச்சி தோத்துப்போச்சுன்னு அழுதேனே. தோக்கலைடா! கொழுப்புத் தீனி தின்னா குண்டாகும், மந்தமாகும், தாகம் எடுக்கும், சர்க்கரை ஏறும். நான் எதிர்பார்த்த ஒவ்வொரு படியும் அப்படியே நடந்திருக்கு. கூண்டுக்கு வெளியே!"

"வாழ்த்துக்கள்க்கா. கேஸ் முடிஞ்சுது, நான் கிளம்பட்டுமா? காலையிலேர்ந்து பட்டினி."

"பட்டினியா? பாதி டப்பா தின்னுட்டு வாய் கூசாம சொல்றியே! நில்லுடா. ஒரே ஒரு உடம்பை வச்சு விஞ்ஞானத்துல எந்த முடிவுக்கும் வரக் கூடாது. இன்னொண்ணு வேணும்."

"இன்னொண்ணுக்கு எங்க போவே?"

அக்கா பையிலிருந்து ஒரு சின்ன ஊசியை எடுத்தாள். தம்பியை மேலிருந்து கீழாக ஆசையோடு பார்த்தாள்.

"அக்கா... வேணாம்... நான் போலீஸ்..."

"வாராவாரம் வந்துடணும், சரியா? எலியா இருந்தா வாலைக் குத்துவேன். தம்பியாச்சே... விரலை நீட்டு!"